குதிக்கால் தலையணை

ஓவர்லொக் மெசினைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்றத் தையல் மெசின் தைக்க மட்டும்தான் செய்யும். பிழைத்தால் நூலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், துணிக்குச் சேதமில்லை. ஓவர்லொக் அப்படியல்ல. அதன் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. தைத்துக்கொண்டு போகும்போதே துணியின் கரையை அது நறுக்கிக்கொண்டு போகும். பிறகு நூலைப் பிரிக்கலாம். போன கரை போனதுதான். கோப்பாயில் இந்தச் சங்கதி உதயகலாவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஒருவருக்கும் தெரியாது. கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஆறு வருசம் ஓவர்லொக் வரிசையில் குந்தியிருந்து முதுகு தேய்ந்தவள் அவள். இவ்வளவும் தெரிந்துகொண்டு செய்தாளே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு, வாழ்வாதார உதவியாக ஒரு பழைய மெசின் கிடைத்தது. அதை முன் விறாந்தையில் யன்னலோடு போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சட்டை, நைற்றி, தலையணை உறை என்று ஊரில் கரை அடிக்க வேண்டியதெல்லாம் அவளிடம்தான் வரும். மெசினுக்குக் கீழே ஒரு உரப்பை கட்டியிருக்கும். கத்தி நறுக்கும் துணிச் சீவல் எல்லாம் அதற்குள் விழும். கிழமைக்கு ஒருக்கால் நல்லம்மா வந்து அதை அள்ளிக்கொண்டு போவாள்.

நல்லம்மா பஞ்சலிங்கத்தாரின் வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவள். பஞ்சலிங்கத்தார் வெங்காயமும் புகையிலையுமாக எழுபத்தைந்து வயதிலும் தோட்டத்தில் நிற்கிற மனிசன். அவர் மனைவி குணலட்சுமி பாரிசவாதம் வந்து இரண்டு வருசமாகக் கட்டிலில். படுத்தபடி கிடந்தால் குதிக்காலில் புண் வந்துவிடும். பஞ்சுத் தலையணை சூடு. துணிச் சீவல் அடைத்தால் மெத்தென்றும் இருக்கும், காற்றும் போகும் என்று கண்டுபிடித்தவள் நல்லம்மா. இரண்டு சின்னத் தலையணைகளில் அதை அடைத்து, குதிக்காலுக்குக் கீழே வைப்பாள். நனைந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக அடைப்பாள்.

"உன்ரை குப்பை தான் பிள்ளை அந்த மனிசிக்கு மெத்தை," என்பாள் நல்லம்மா, பையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

நல்லூர்த் திருவிழாவுக்கு என்று கனடாவிலிருந்து குணலட்சுமியின் மகள் தர்சினி வந்திருந்தாள். திரும்பிப் போவதற்கு முதல் நாள் ஒரு பெரிய பையோடு உதயகலாவின் படலையைத் திறந்தாள்.

"உதயா, அம்மாவின்ரை சீலையள் கொஞ்சம் கொண்டந்தனான். அங்கை ஆக்கள் பழைய உடுப்புகளைத் துண்டு துண்டாப் பொருத்திக் குயில்ற் எண்டு தைக்கினம். அப்பிடி ஒண்டு எனக்குத் தைச்சுத் தருவீரோ?"

"போர்வை தானேயக்கா? படம் இருந்தாக் காட்டுங்கோ பாப்பம்."

தர்சினி போனில் காட்டினாள். உதயகலா விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள்.

"உது கையாலை தைச்சது. நான் என்ரை மெசினிலையே முடிப்பன். மேலை சீலைத் துண்டு, நடுவிலை ஒரு பழைய கம்பளி, கீழை ஒரு பருத்தித் துணி. மூண்டையும் ஒண்டாப் பிடிச்சு ஓட விட்டா, பொருத்தும் தையலும் ஒரே ஓட்டம்."

"உமக்குத்தான் தெரியும். எந்தச் சீலையை வேணுமெண்டாலும் வெட்டும். அம்மா இனி எழும்பி உடுக்கவே போறா?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தர்சினிக்கு விளங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு படலையைச் சாத்தாமலே போனாள்.

பையை உதயகலா அடுத்த கிழமைதான் பிரித்தாள். மணிப்புரி நான்கு, நைலெக்ஸ் மூன்று, கோயிலுக்கு உடுக்கிற பருத்திச் சீலைகள். எல்லாவற்றுக்கும் அடியில் பழைய வேட்டித் துண்டில் சுற்றி ஒன்று. பூச்சி உருண்டை மணத்தது. அவிழ்த்தாள். அரக்குச் சிவப்பில் சரிகைக் கட்டம் போட்ட கூறைச் சீலை.

தர்சினி அலுமாரித் தட்டை அவசரத்தில் வழித்து அள்ளியிருக்கிறாள், வேட்டித் துண்டுக்குள் என்ன என்று பார்க்கவில்லை. இது உதயகலாவுக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. கலியாணத்தன்று உடுத்தி, பிறகு கடைசி நாளில் உடுத்துவதற்கு என்று எடுத்து வைக்கிற சீலை அது. புருசன் உயிரோடிருக்கச் சாகிற மனிசி கூறையோடுதான் போகவேண்டும் என்பது ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பஞ்சலிங்கத்தாரின் வீடு ஏழாவது படலை. கொண்டுபோய்க் குடுத்திருந்தால் ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

அவள் குடுக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு அதை உடுத்துப் பார்த்தாள்.

இதற்குக் காரணம் கேட்டால் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக்குப் போகவேண்டும். சண்டை நடந்த வன்னியில், கலியாணமாகாத குமர்ப்பிள்ளையை இயக்கம் பிடித்துப் போகும் என்று வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம். அவளுக்குப் பதினெட்டு வயது. பதிவுகாரருக்கு முன்னால் ஒரு கையெழுத்து, ஒரு மஞ்சள் கயிறு, உடுத்தியிருந்தது தாயின் பூப்போட்ட நைலெக்ஸ். புருசன் சுபாஸ்கரன் நல்ல மனிசன்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கூறை என்று ஒன்று அவள் உடம்பில் பட்டதில்லை.

ஐந்து நிமிசம் இருக்காது. கண்ணாடியில் பார்த்தாள், முந்தானையைத் தோளில் எடுத்துப் போட்டாள், தனக்குத்தானே சிரித்தாள். பிறகு குனிந்து கொய்யக மடிப்பைச் சரி செய்தபோதுதான் கண்டாள். பத்து நிமிசத்துக்கு முன்னர் மெசினுக்கு ஒயில் விட்ட கை அது. துடைத்தது போதவில்லை. கொய்யகத்தில் நான்கு விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

பவுடர் போட்டுப் பார்த்தாள், போகவில்லை. சவர்க்காரம் போட்டாள். ஐம்பது வருசச் சாயம். சிவப்புக் கலங்கிச் சரிகைக் கட்டத்துக்குள் ஓடியது. இனி எப்படிக் கொண்டுபோய்க் குடுப்பது? என்ன நடந்தது என்று கேட்டால் எதைச் சொல்வது? 'உடுத்துப் பார்த்தேன்' என்ற ஒரு சொல்லை நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது. அப்போது தர்சினி சொன்னது ஞாபகம் வந்தது. எந்தச் சீலையை வேண்டுமென்றாலும் வெட்டலாம்.

வெட்டினாள். முந்தானையை நடுவில் வைக்க ஒரு பெரிய சதுரம், அதைச் சுற்றிப் பதினாறு சின்னச் சதுரம். கறை பட்ட பாகத்தைக் கரை வருகிறபடி பார்த்து வைத்தாள். கத்தி நறுக்கி எறிந்தது. மிச்சம் இரண்டரை யார் துணி கட்டிலுக்குக் கீழே போனது. அந்தக் கிழமையும் நல்லம்மா வழக்கம்போல வந்து பையை அள்ளிக்கொண்டு போனாள்.

போர்வை நன்றாகத்தான் வந்தது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. பார்க்கும் நேரமெல்லாம் அந்த நடுச் சிவப்பு கண்ணைக் குத்தும். மடித்துக் கட்டி வைத்துவிட்டு, தர்சினி போன் எடுத்தால், "இன்னும் கொஞ்சம் கிடக்கக்கா," என்று சமாளிப்பாள்.

கார்த்திகை மழை பிடித்த இரண்டாம் கிழமை, திங்கட்கிழமை விடிய, குணலட்சுமியின் மூச்சு நின்றது.

அயலுக்குள் செத்தவீடு என்றால் யாருடைய வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. உதயகலா போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு நின்றாள். தர்சினி பிளேன் ஏறிவிட்டாள், புதன்கிழமை காலை வந்துவிடுவாள், அன்று பின்னேரம் எடுப்பது என்று முடிவு. மலர்ச்சாலைக்காரர் உடலைப் பதப்படுத்தக் கொண்டுபோகும்போது உடுப்புக் கேட்டார்கள். பஞ்சலிங்கத்தார் அலுமாரியைத் திறந்தார். தட்டுத் தட்டாகத் தடவினார். பிறகு கட்டிலுக்குக் கீழே பார்த்தார். பிறகு மறுபடி அலுமாரி.

"கூறையைக் காணேல்லை," என்றார்.

இணுவிலிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கச்சியார் வாய்க்குப் பெயர்போனவ. "அலுமாரித் திறப்பு ஆரின்ரை கையிலை இருந்தது?"

"நல்லம்மாவின்ரை மடியிலை தான். ஏன்?"

"ஏனோ? கூறையிலை இருக்கிற சரிகையை உருக்கினாக் காசு எண்டு அவளுக்குத் தெரியாதோ, அண்ணை? ஆள் பிடிச்சு வைக்கேக்கை யோசிச்சிருக்க வேணும்."

நல்லம்மா குசினி வாசலில் நின்றாள். கையில் நோயாளியின் தண்ணீர்ச் செம்பு. "நான் பிள்ளையாருக்கு முன்னாலை கற்பூரம் கொளுத்திச் சொல்லுறனம்மா, அந்தத் தட்டிலை நான் கை வைக்கேல்லை."

"கற்பூரம் ஆரும் கொளுத்துவினம்."

பஞ்சலிங்கத்தாருக்கு என்னவோ தட்டியது. தேத்தண்ணித் தட்டோடு நின்ற உதயகலாவைப் பார்த்தார். "பிள்ளை, தர்சினி உன்னட்டைத் தந்த சீலையளுக்குள்ளை கூறை எதுவும் வந்ததோ?"

"இல்லை மாமா."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லும்போது நல்லம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். சும்மா பார்த்தாள். உதயகலா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள்.

செவ்வாய்க்கிழமை நல்லம்மாவை வீட்டுக்குள் விடவில்லை. போகவும் விடவில்லை; மகள் வந்து விசாரிக்கட்டுமாம். மழைச் சாரலில் வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் ஒரு பலகைக் கட்டையில் குந்தியிருந்தாள். இரண்டு வருசம் மலசலம் அள்ளிய வீடு. யாரோ கொடுத்த பாணும் சம்பலும் பக்கத்தில் கிடந்து ஊறியது. கிணற்றடிக்குப் போன உதயகலா அவளைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. போகும்போதும் பார்க்கவில்லை, வரும்போதும் பார்க்கவில்லை. வாளியில் பாதித் தண்ணீர் தன் காலிலேயே ஊற்றுப்பட்டது.

மத்தியானம் சுபாஸ்கரன் தன் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினை வேலியோடு விட்டுவிட்டு, நனைந்தபடி சாப்பிட வந்தான். சோற்றைப் போட்டு, பயத்தங்காய்க் கறியை விட்டு, எதிரில் குந்தியிருந்து நடந்ததைச் சொன்னாள். சீலையில் நாலு விரல் ஒயில் பதிந்ததையும் சொன்னாள். ஒயில் எப்படிப் பட்டது என்று சொல்லவில்லை.

"ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"பிறகேன் வாயைக் குடுக்கிறாய்? கடையிலை புதுக் கூறை ஒண்டு எடுத்து உடுத்துவினம். நாளையோடை முடிஞ்சுது."

"நல்லம்மாக்கா?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "அது பாவந்தான்," என்றான். இன்னும் கொஞ்சம் பிசைந்தான். "மேசையிலை கிடந்த சீலையிலை நாலு விரலும் பதியிற மாதிரி ஏன் பிடிச்சனி?"

உதயகலா எழும்பிப் போய் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"உடுத்துப் பாத்தனியோ?"

"ஓமப்பா."

சுபாஸ்கரன் கையை உதறிவிட்டு எழும்பினான். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு அப்படியே கிடந்தது. வாசலில் நின்று மழையைப் பார்த்தபடி கேட்டான். "ஒரு கூறை எடுத்துத் தரேல்லை எண்டு இவ்வளவு நாளும் மனசுக்குள்ளை வைச்சிருந்தனியோ?"

"ஐயோ, அப்பிடி இல்லையப்பா." அப்படித்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்குமல்லவா வெட்கமாகப் போய்விட்டது என்று நினைத்தபோதுதான் உதயகலாவுக்கு அழுகை வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நாள் விடிய அவள் எழும்பியபோது போர்வையும் மிச்சக் கூறையும் மழை படாமல் ஒரு புது உரப்பைக்குள் சுற்றிக் கட்டி, வாசலில் வைக்கப்பட்டிருந்தன. லான்ட்மாஸ்ரர் போய்விட்டிருந்தது.

அவள் செத்தவீட்டுக்குப் போனபோது பெட்டி நடு ஹோலில் இருந்தது. குத்துவிளக்கு எரிந்தது. தர்சினி வந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். பிளேனில் வந்த உடுப்போடு தாயின் தலைமாட்டில் இருந்து, "ஒரு சீலையைக் கூடப் பத்திரமா வைச்சிருக்க ஏலாமல் போச்சே," என்று அழுதுகொண்டிருந்தாள். தங்கச்சியார், "பொலிசுக்குச் சொல்லுவம், அப்ப வாய் திறப்பாள்," என்று சொல்லிக்கொண்டிருந்தா. சனம் நிறைய.

உதயகலா பெட்டிக்குப் பக்கத்தில் உரப்பையை வைத்து அவிழ்த்தாள். போர்வையை எடுத்துப் பாயில் விரித்தாள். நடுவில் முந்தானை, சரிகையோடு, சிவப்பாக.

"நல்லம்மாக்கா எடுக்கேல்லை. கூறை என்னட்டைத்தான் வந்தது. நான் தான் வெட்டினனான்."

தர்சினி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் தந்த பையிலையோ? அப்ப என்ரை பிழை. நான் தானே பாக்காமல் அள்ளினனான். நான் தானே எதையும் வெட்டச் சொன்னனான்."

"அதுக்கு இந்தப் பிள்ளை என்ன செய்யும்?" என்றது யாரோ ஒரு மனிசி. "வன்னியிலை வளந்த பிள்ளை, பழைய கூறையைக் கண்டிருக்குமே? ஏதோ பட்டுச் சீலையெண்டு நினைச்சிருக்கும்." இன்னொருத்தி, "பயத்திலை திங்கட்கிழமை இல்லையெண்டு சொல்லிப் போட்டுது. பாவம்," என்றாள். தங்கச்சியாரும் தலையை ஆட்டினா.

அவ்வளவுதான். விட்டுவிட்டார்கள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எழும்பிப் போகலாம். கால் எழும்பவும் பார்த்தது.

பஞ்சலிங்கத்தார் மட்டும் போர்வைக்குக் கிட்டக் குந்தி, முந்தானைச் சதுரத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"பிள்ளை, வெட்டேக்கை உனக்கு இது கூறையெண்டு தெரியுமோ?"

"ஓம் மாமா."

"தெரியும்?"

"தெரியும். முதல் உடுத்துப் பாத்தனான். எனக்குக் கூறை இருக்கேல்லை. கையிலை மெசின் ஒயில், அது பட்டுப் போச்சு. கழுவ, சாயம் ஓடீற்றுது. கொண்டந்து தர வெக்கத்திலை வெட்டினனான். திங்கட்கிழமை உங்களுக்குச் சொன்னது பொய்."

இப்போது ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. அந்த ஹோலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அவளுடைய இடுப்பையும் தோளையும் பார்ப்பதாக அவளுக்குப் பட்டது, அந்தச் சீலை இப்போதும் அதில் கிடப்பதுபோல. செத்த மனிசிக்கு முன்னால், இன்னொருத்தியின் கூறையை உடுத்த கதையைத் தன் வாயால் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். பூமி பிளக்கவா போகிறது? பிளக்கவில்லை. நின்றாள்.

பஞ்சலிங்கத்தார் உரப்பைக்குள் பார்த்தார். பிறகு மிச்சக் கூறையை எடுத்து, போர்வைக்கு மேல் போட்டார்.

"திரும்பச் சீலையாப் பொருத்து, அவ கூறையோடை போகட்டும்," என்றார். "மெசின் வேண்டாம். இஞ்சை, இதிலை இருந்து, கையாலை பொருத்து. கிரியை தொடங்க ரண்டு மணித்தியாலம் கிடக்கு."

யாரோ ஊசியும் சிவப்பு நூலும் கொண்டுவந்து வைத்தார்கள். உதயகலா பெட்டியடியில் சப்பாணி கட்டி இருந்து பிரிக்கத் தொடங்கினாள். ஊசி நூலை உருவினால் ஓவர்லொக் தையல் தானாகக் கழன்று வந்துவிடும். பதினேழு துண்டும் மடியில் வந்து விழுந்தன. தரையில் கிடந்த போர்வையில் பழைய கம்பளி தெரிந்தது. துண்டுகளை ஒன்றோடு ஒன்று பிடித்துப் பார்த்தாள். சரிகைக் கட்டம் ஓரிடத்திலும் சேரவில்லை. ஒவ்வொரு கரையிலும் ஒரு விரல் குறைந்தது. அவளுக்கு முன்னமே தெரிந்ததுதான், கத்தி தின்றது தின்றதுதான். நூலை ஊசியில் கோக்கப் பார்த்தாள். தவறியது. எச்சில் தொட்டுத் திரித்தாள், மறுபடி தவறியது. சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

பின் கதவால் நல்லம்மா வந்தாள். சீலைத் தலைப்பில் இன்னும் மழை சொட்டியது. அவளை உள்ளே கூப்பிட வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. நோயாளியின் அறைக்குள் போனாள், கையில் ஒரு சின்னத் தலையணையோடு வந்தாள், உதயகலாவுக்கு எதிரில் குந்தினாள். தலையணையின் வாயைப் பல்லால் கடித்துப் பிரித்துப் பாயில் கொட்டினாள்.

நீலமும் வெள்ளையும் பள்ளிக்கூடச் சட்டைச் சீவல்கள் முதலில் விழுந்தன. பிறகு சிவப்பு. ஒரு விரல் அகலத்தில், நீள நீளமாக, சரிகையோடு சிவப்பு. சிலதில் கறுப்பு ஒயிலும் இருந்தது.

"உன்ரை பையிலை வந்தது தான்," என்றாள் நல்லம்மா. "ரண்டு மாசமா அவவின்ரை காலுக்குக் கீழை கிடந்தது. அடைக்கேக்கையே கண்டனான். மகள் சொல்லித்தான் வெட்டுறாயாக்கும் எண்டு இருந்திட்டன். திங்கட்கிழமை நீ இல்லையெண்டு சொல்லேக்கை தான் விளங்கினது."

உதயகலா ஒரு சிவப்புச் சீவலை எடுத்துப் பார்த்தாள். "அப்ப ஏனக்கா சொல்லேல்லை? ரண்டு நாளா மழைக்குள்ளை..."

"நான் சொன்னா ஆர் நம்புறது? களவெடுத்தவள் மற்றவளைக் காட்டிக் குடுக்கிறாள் எண்டு தான் சொல்லுவினம். அதோடை," நல்லம்மா சிவப்புச் சீவல்களை மட்டும் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்க்கத் தொடங்கினாள், "உன்ரை வாயாலை வரட்டும் எண்டு பாத்தனான். கிணத்தடிக்கு வந்தனி. இப்ப சொல்லுவாய் எண்டு நினைச்சன். பேசாமல் போயிட்டாய்."

உதயகலா குனிந்தாள். ஊசி விரலில் ஏறியது, தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொல்ல வாய் எடுத்தாள், அந்தச் சொல்லைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

நல்லம்மா கையை நீட்டினாள். "ஊசியைக் கொண்டா. நேரம் போகுது, நான் கோத்துத் தாறன்."

முகத்தை நிமிர்த்தாமலே உதயகலா ஊசியைக் கொடுத்தாள்.